மூட்டை

யூரியா மூட்டையின் நூல் நீலம்.
நுண்ணோக்கியில் அது இன்னும் நீலம்.
காசல்ரீயில் பிடித்த திலாப்பியா ஒன்றின்
குடல் மடிப்பிலிருந்து
இடுக்கியால் இழுத்தேன்.
தலைமயிர் கனம்,
அரிசியில் பாதி நீளம்.
வந்த வேகத்தில் சுருண்டுகொண்டது.

எனக்கு இந்த நூலைத் தெரியும்.

பதினேழு வயதில், ஆறாம் நம்பர் மலையில்
அரைப் பேருக்கு உரம் போட்டவன் நான்.
மழைக்கு முன்னே முடிக்கணும் என்றார் கணக்குப்பிள்ளை.
மழை எங்களுக்கு முன்னே முடித்தது.
வெள்ளை மணிகள் கான் வழியே இறங்கிப் போவதைக்
கைகட்டிப் பார்த்து நின்றோம்.
போகட்டும், கணக்கில் எழுதியாயிற்று.
வெறும் மூட்டைகளைக் கிழித்து
ஒன்றை இடுப்பில் சுற்றினோம்,
ஒன்றைக் கோழிக்கூட்டின் மேல் போட்டோம்,
மிச்சத்தை, யார் கேட்கப்போகிறார்,
ஆற்றில்.

உள்ளே இருந்ததும் போனது
உறையும் போனது
ஒரே தண்ணீருக்கு.

இப்போது வெள்ளைக் கோட்டு. தற்காலிக நியமனம்.
நான்கு கண்ணாடித் தொட்டிகளுக்கு நான் காவல்.
முதலாவதில் சும்மா தண்ணீர்.
இரண்டாவதில் பச்சைப் பாசியின் நஞ்சு.
மூன்றாவதில் மாவாய் அரைத்த பிளாஸ்டிக்.
நான்காவதில் இரண்டும்.

இருபத்தோராம் நாள்
முதல் தொட்டி என் நிழலைக் கண்டதும்
தீனிக்கு மேலே வந்தது.
இரண்டாவது யோசித்து வந்தது.
மூன்றாவது வந்தது, மெலிந்து,
தின்றதைத் துப்பித் துப்பித் தின்றது.
நான்காவதில் கணக்கு வழுக்கியது.
ஒன்றும் ஒன்றும் இரண்டில் நிற்கவில்லை.
துகள் கீறிய குடலில்
நஞ்சுக்குக் கதவு திறந்திருந்தது.
தண்ணீரோடு கரைந்து போயிருக்க வேண்டியது
துகளின் முதுகில் ஏறி உட்கார்ந்து
சீசன் டிக்கட் பயணி மாதிரி
தினமும் வந்து இறங்கியது
ஈரல் ஸ்டேசனில்.

கத்தரிக்கோலால் வயிற்றைத் திறந்தேன்.
ஊறிய பாண் போல ஈரல்
கையுறையில் ஒட்டிக்கொண்டு வந்தது.
“நிறம் என்ன?” சுரவீர ஐயா
பேனையைத் திறந்து காத்திருந்தார்.
எனக்குப் பேர் தெரிந்த நிறங்களில் அது இல்லை.
மஞ்சள் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மாசியில் தண்ணீர் இறங்கி
கரைச் சேறு வெடித்துக் கிடக்க
நீர்த்தேக்கத்தின் மூலை முழுக்க
பெயின்ட் வாளி கவிழ்ந்த பச்சை.
மாதிரி எடுக்கப் போத்தல்களோடு போனேன்.
யோகலெட்சுமி ஓடத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.
“ஒரு மாசமா கையில வழுக்கவே மாட்டேங்குது தம்பி.
உசுரோடதான் வருது,
ஆனா செத்தது மாதிரி.”
எங்கள் நான்கு தொட்டியும்
முந்நூறு பக்க அறிக்கையும்
இதைச் சொல்லத்தான் போகின்றன,
கொஞ்சம் மெதுவாக.

“திங்கலாமா?” என்றாள்.

படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
குடலை எடுத்துப் போடுங்க, ஈரலும் வேணாம்,
நல்லாக் கழுவுங்க என்றேன்.
“எந்தத் தண்ணியில?”
நான் போத்தலின் மூடியைத்
திருகினேன், மறுபடியும் திருகினேன்.

அரைக் கிலோ வாங்கினேன், ஆய்வுக்கு என்று.
சிரித்துக்கொண்டே காசை எண்ணினாள்.
வீட்டில் மூன்று பேர், பகலைக்கு இதுதான் கறி என்றாள்,
யாருக்கோ சொல்வது போல.

மீன்கள் அவளது சாக்கின் மேல் கிடந்தன,
செவுள் திறந்து, மெல்ல மூடி, திறந்து.
வெயிலில் வெளுத்த சாக்கு.
விரலால் தொட்டால் நூல் உதிரும் பழசு.
அதன் எழுத்தை இன்னும் வாசிக்க முடிந்தது:
நிறை ஐம்பது கிலோ.
நைதரசன் நாற்பத்தாறு வீதம்.
கீழே ஒரு கொக்கியை வரைந்து, குறுக்கே வெட்டி,
மூன்று மொழியிலும்,
கொக்கி பாவிக்க வேண்டாம்.